அழகு அறுவைக்கு முன் வலி மாத்திரை: எதை நிறுத்துவது, எத்தனை நாள் முன்பு, நடுவில் வலி வந்தால் என்ன செய்வது

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று மருத்துவர் கேட்டால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் இல்லாதவர்கள் “ஒண்ணும் இல்லை” என்று முடித்துவிடுவார்கள். போன வாரம் தலைவலிக்குப் போட்ட இரண்டு மாத்திரை யார் நினைவுக்கும் வராது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கியது மருந்துக் கணக்கில் சேராது என்று ஒரு நினைப்பு. மூக்கு, கண்ணிமை, மார்பு, வயிறு, முகத் தோல் இறுக்கம், கொழுப்பு உறிஞ்சுதல் போன்ற அறுவைகளுக்கு நாள் குறித்திருப்பவர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய மாத்திரையே அதுதான்.

மாத்திரை பெரிதா சிறிதா, வீரியம் அதிகமா குறைவா என்பதைப் பார்த்து நிறுத்தும் நாளைக் கணக்கிட முடியாது. அது ரத்தத் தட்டணுக்களை என்ன செய்கிறது, அந்தப் பாதிப்பு எத்தனை நாளில் நீங்குகிறது என்பதுதான் கணக்கு.

தட்டணுவுக்கு என்ன ஆகிறது

ரத்தக் குழாய் வெட்டுப்பட்டதும் முதலில் வந்து ஒட்டிக்கொள்பவை தட்டணுக்கள். ஒட்டிய கையோடு திராம்பாக்சேன் என்ற பொருளை வெளியிட்டு மற்ற தட்டணுக்களையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தப் பொருளைத் தயாரிக்கக் காக்ஸ்-1 என்ற நொதி வேண்டும். வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை வலியைக் குறைப்பதே காக்ஸ் நொதிகளை அடக்கித்தான். மூட்டில் அடக்கும்போது வலி போகிறது. தட்டணுவிலும் சேர்த்து அடக்குவதால் ரத்தம் நிற்கத் தாமதமாகிறது.

ஆஸ்பிரின் இதில் தனி ரகம். மற்ற மாத்திரைகள் பூட்டில் வேறொரு சாவியைச் செருகி வைத்ததுபோல. சாவியை உருவினால் பூட்டு பழையபடி திறக்கும். ஆஸ்பிரின் பூட்டுக்குள் பசையை ஊற்றிவிடும். ரத்தத்தில் ஆஸ்பிரினின் அளவு 15 முதல் 20 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் அது தொட்ட தட்டணுக்கள் சாகும் வரை முடங்கியே கிடக்கும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். தினமும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகப் பிறக்கிறது. “நேற்று ஒரே ஒரு மாத்திரைதானே, இந்நேரம் உடம்பை விட்டுப் போயிருக்கும்” என்ற கணக்கு மருந்துக்குச் சரி, தட்டணுவுக்குச் சரியில்லை.

இன்னொரு தப்புக் கணக்கு: 75 அல்லது 81 மில்லிகிராம் ‘குழந்தை ஆஸ்பிரின்’ தானே, சின்ன அளவுதானே என்பது. தட்டணுவை முடக்க அந்தச் சின்ன அளவே போதும். இதயத்துக்கு அதைக் கொடுப்பதே அதற்காகத்தான்.

அழகு அறுவையில் ஏன் இவ்வளவு கெடுபிடி

பல் பிடுங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கசிந்தால் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளலாம். முகத் தோல் இறுக்கத்தில் கன்னம் முதல் கழுத்து வரை தோலைக் கீழிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். உள்ளே கட்டிப்போடக்கூடிய பெரிய குழாய் அதிகம் இருக்காது; கண்ணுக்கே தெரியாத நூற்றுக்கணக்கான நுண்குழாய்கள்தான். அவற்றை அடைக்க வேண்டியது தட்டணுக்கள்.

மரத்துப்போக ஊசி போடும்போது கூடவே அட்ரினலின் கலந்து போடுவார்கள். அது குழாய்களைச் சுருக்கி வைப்பதால் மேசையில் இடம் காய்ந்து, சுத்தமாகத் தெரியும். சில மணி நேரத்தில் அட்ரினலின் வேகம் தணிந்து குழாய்கள் மறுபடி விரியும். நோயாளி அதற்குள் அறைக்கோ வீட்டுக்கோ போயிருப்பார். வலியாலும் வாந்தியாலும் ரத்த அழுத்தம் ஏறுவதும் அநேகமாக அந்த நேரத்தில்தான். முகத் தோல் இறுக்கத்துக்குப் பின் வரும் ரத்தக்கட்டுகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருவதன் காரணம் இது. தேங்கிய ரத்தம் மேலிருக்கும் தோலை அழுத்தினால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த இடம் கருகிப்போகலாம். மார்பில் இம்பிளான்ட் வைத்த இடத்தில் ரத்தம் தேங்கினால், இம்பிளான்ட்டைச் சுற்றி உருவாகும் உறை பின்னாளில் இறுகிக் கெட்டியாகும் வாய்ப்பு கூடுகிறது. கண்ணிமை அறுவையில் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வை நரம்பு நசுங்கிப் பார்வையே போகலாம். மிக அபூர்வம்தான், ஆனால் இமையின் பையை எடுக்கப் போனவருக்கு அந்த அபூர்வம் தேவையில்லை.

தோலுக்கடியில் நிரப்பும் ஃபில்லர், சுருக்கம் போக்கும் போடாக்ஸ் போன்ற ஊசி வேலைகளுக்கும் இதே கதைதான், சிறிய அளவில். ஆபத்து அவ்வளவாக இல்லை. கன்றிப்போன நீலம் ஒரு வாரம், பத்து நாள் முகத்தில் நிற்கும். விசேஷத்துக்கு முந்தின வாரம் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

எது, எத்தனை நாள்

கீழே இருப்பது மருந்தின் இயல்பும் பொதுவான நடைமுறையும். உங்கள் அறுவை நிபுணர் தந்த தாளில் இதைவிட அதிக நாள் போட்டிருந்தால் அந்தத் தாள்படியே நடங்கள்.

ஆஸ்பிரின்: தட்டணுக் கணக்குப்படி 7 முதல் 10 நாள். அழகு அறுவை நிபுணர்கள் பலர் 14 நாள் கேட்பார்கள். நீங்களாக வலிக்குப் போட்டுக்கொள்ளும் ஆஸ்பிரினுக்குத்தான் இது. இதய மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரின் வேறு விஷயம். அது கீழே தனியாக வருகிறது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம்: ரத்தத்தில் இவற்றின் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரோக்கியமானவருக்கு ஐபுப்ரோஃபென் நிறுத்திய 24 மணி நேரத்தில் தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன.

நாப்ராக்சன்: பாதியாக 12 முதல் 17 மணி நேரம். முழுவதும் கழிய 3 அல்லது 4 நாள்.

மெலாக்சிகாம், பைராக்சிகாம்: மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் கிடக்கும். மெலாக்சிகாம் பாதியாக ஏறத்தாழ 20 மணி நேரம், பைராக்சிகாம் ஏறத்தாழ 50 மணி நேரம். ஒரு மருந்து உடம்பை விட்டுக் கழிய அதன் பாதிக் காலத்தைப்போல் ஐந்து மடங்கு ஆகும் என்பது பொதுக் கணக்கு. ஐம்பதை ஐந்தால் பெருக்கினால் 250 மணி நேரம், அதாவது பத்து நாளுக்கு மேல். “ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டேன்” என்பது பைராக்சிகாமுக்குப் போதாது.

அப்படியானால் ஐபுப்ரோஃபெனையும் ஏன் ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள்? ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒவ்வொரு நாள் சொன்னால் நோயாளி குழம்புவார், ஐபுப்ரோஃபென் என்று நினைத்து ஆஸ்பிரின் கலந்ததைப் போடுவார் என்ற பயம்தான் பெரும்பகுதி. தவிர, அறுவைக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் கொடுத்தால் ரத்தப்போக்கு கூடுகிறதா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. சிலர் தாராளமாகக் கொடுக்கிறார்கள், சிலர் கிட்டேயே சேர்ப்பதில்லை. உங்களைத் தொடப்போகிறவர் எந்தப் பக்கம் என்பதுதான் உங்களுக்குப் பொருட்டு. இதில் வாதாடி ஜெயிப்பதில் பயனில்லை.

செலகாக்சிப், எடோரிகாக்சிப் போன்றவை காக்ஸ்-2 நொதியைக் குறிவைப்பவை. தட்டணுவில் அந்த நொதி வேலை செய்வதில்லை என்பதால் ரத்தக் கசிவைப் பெரிதாகக் கூட்டாது. சில நிபுணர்கள் அறுவை நாளன்றே செலகாக்சிப் கொடுப்பதும் உண்டு. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வகை ஆகாது.

அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். வீட்டில் இருக்கும் எல்லா வலி, சளி, காய்ச்சல், மாதவிடாய், அசிடிட்டி மாத்திரை அட்டைகளையும் ஒரு மேசையில் கொட்டுங்கள். கைப்பை, அலுவலக இழுப்பறை, வண்டியின் டப்பா, பயணப் பெட்டியின் ஓரம் என்று எதையும் விடவேண்டாம். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

பார்க்க வேண்டிய பெயர்கள்: ஆஸ்பிரின் என்று இல்லாமல் ‘அசிட்டைல் சாலிசிலிக் அமிலம்’ என்று எழுதியிருக்கும்; இரண்டும் ஒன்றே. ‘ஏ.எஸ்.ஏ.’ என்ற மூன்றெழுத்தும் அதுதான். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகள் சிலவற்றில் ஆஸ்பிரின் உண்டு, அதை வயிற்றுக்கான மாத்திரை என்று நினைத்துப் போடுபவர்கள் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், கஃபீன் மூன்றும் சேர்ந்திருக்கலாம்.

அடுத்த பொறி, பாராசிட்டமாலோடு சேர்ந்து வரும் இணை. ஐபுப்ரோஃபென் + பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் + பாராசிட்டமால், அசிக்ளோஃபெனாக் + பாராசிட்டமால் என்று ஒரே மாத்திரையில் இரண்டும் இருக்கும். “பாராசிட்டமால் போடலாம்னாங்க, இதுலயும் பாராசிட்டமால்தான் போட்டிருக்கு” என்று இதை விழுங்கிவிடுவார்கள். அட்டையில் + குறி இருந்தால் இரண்டு பெயரையும் படிக்காமல் வாயில் போடாதீர்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று: சில நாடுகளில் பாராசிட்டமாலுக்குப் பெயர் அசெட்டமினோஃபென். டைலனால், பனடால் இரண்டிலும் அடிப்படையில் அதே மருந்துதான். அட்வில், புரூஃபென் என்றால் ஐபுப்ரோஃபென். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த டப்பா வீட்டில் இருந்தால் இது உதவும். டைலனால் என்ற பெயரிலேயே சளிக்கான கூட்டு மருந்துகளும் உண்டு என்பதால் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடாமல் பின்பக்கத்தையும் படியுங்கள்.

படித்து முடித்தவற்றை இரண்டாகப் பிரியுங்கள். வெறும் பாராசிட்டமால் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மற்றதை ஒரு பையில் கட்டி, மேலே நிறுத்திய தேதியை எழுதி, பரணில் ஏற்றுங்கள். நடுராத்திரித் தலைவலியில் எழுந்து போகிற கை விளக்கைப் போடாமலே பழகின அட்டையைத்தான் எடுக்கும்.

பாராசிட்டமால்: போடலாம், கணக்கோடு

வழக்கமான அளவில் பாராசிட்டமால் தட்டணுக்களைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால்தான் காத்திருக்கும் நாட்களில் வலிக்கு அதைக் கைகாட்டுகிறார்கள். ஆனால் அது ஈரலுக்குக் கெடுதல் செய்யக்கூடிய மருந்து, கூடினால் தெரியாமல் கெடுக்கும்.

வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். இரண்டு தடவைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4000 மில்லிகிராம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பல நாள் தொடர்வதானால் 3000-ஐத் தாண்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு நான்கு, அதாவது 2600. ஆறு போட்டால் 3900. அன்று சளிக்கு ஒரு கூட்டு மாத்திரையும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும்.

எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிடுங்கள். 42 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவைக்கு 630, நாளுக்கு நான்கு தடவை என்றால் 2520 மில்லிகிராம். 500 மாத்திரையாக ஒவ்வொன்று, ஆறு மணிக்கொரு முறை போட்டால் வரம்புக்குள் நிற்கும். 1000 போடக்கூடாது.

அழகு அறுவைக்குப் போகிறவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. தேதி நெருங்குகிறதே என்று எடையைக் குறைக்க அரைப்பட்டினி கிடப்பவர்கள் பலர். பாராசிட்டமால் ஈரலில் சிதையும்போது அதில் ஒரு சிறு பகுதி நச்சாக மாறும். அதைச் செயலிழக்கச் செய்வது குளூட்டத்தயோன் என்ற பொருள். பட்டினியில் அதன் இருப்பு குறைகிறது. தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கு நச்சு உண்டாவதும் கூடலாம், இருப்பும் குறையலாம். இந்த இரண்டு வகையினரும் மருத்துவரிடம் கேட்காமல் 2000-ஐத் தாண்ட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்கள் பாராசிட்டமாலைத் தினமும் தொடர்ந்தால் ரத்தம் உறையும் அளவே மாறக்கூடும். அவர்கள் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

கைப்பேசியிலோ குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளிலோ தேதி, மணி, மில்லிகிராம் மூன்றையும் எழுதுங்கள். ‘14ஆம் தேதி, காலை 6.10, 500’ என்பதுபோல. மயக்க மருத்துவர் கேட்கும்போது இந்தத் தாளை நீட்டினால் போதும்.

நுரைக்கும் பாராசிட்டமால் மாத்திரைகளில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாதாரண மாத்திரையாகவே வாங்கட்டும்.

பாராசிட்டமாலுக்கு இன்னொரு குணமும் உண்டு, காய்ச்சலை மறைத்துவிடும். அறுவைக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் உடம்புவலி, தொண்டைக் கரகரப்பு என்று தொடங்கினால் மாத்திரை போடுவதற்கு முன் வெப்பமானியை வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுப் பார்த்தால் 98.6 காட்டும், நீங்களும் நம்புவீர்கள், மருத்துவமனையும் நம்பும். கிருமித் தொற்றோடு மேசையில் படுப்பது, அதிலும் இம்பிளான்ட் வைக்கப் படுப்பது, மோசமான யோசனை. பல்வலியும் அப்படியே. அது மாத்திரையால் அமுக்க வேண்டிய வலி அல்ல. பல்லில் சீழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதியை உறுதிசெய்ய வேண்டும்.

தினமும் மாத்திரை போடுகிறவர்கள் முன்னதாகவே தொடங்க வேண்டும்

மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரணத் தலைவலி மாத்திரை போட்டு வருபவருக்கு (கஃபீனோ, அபின் வகை வலிமருந்தான கோடீனோ கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும்) மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்துகொண்டிருக்கலாம். இப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி முதலில் கூடும். இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை படுத்தும், பிறகுதான் இறங்கும். அறுவைக்கு ஏழு நாள் முன்பு நிறுத்தினால் மோசமான நாட்கள் நேராக அறுவை நாளில் வந்து விழும். வலி தாங்காமல் இரகசியமாக ஒன்றைப் போட்டுவிடும் சோதனையும் அப்போதுதான் வரும். ஐந்தாறு வாரம் முன்பே நிறுத்தத் தொடங்குங்கள், அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. கோடீன் கலந்த மாத்திரைகளைப் பழக்கமாகப் போடுபவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பு பழகிவிட்டால் அறுவைக்குப் பின் வழக்கமான வலிமருந்து அளவு அவர்களுக்குக் கேட்காது.

மாதவிடாய் வலிக்கு மெஃபனாமிக் அமிலமோ ஐபுப்ரோஃபெனோ போட்டே பழகியவர்கள், நாள் குறிக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். மாதவிடாய் முடிந்து பத்து நாள் கழித்து அறுவை வருமாறு கேட்டு வாங்குவது சுலபம். இது அவசர அறுவை அல்ல. அப்படி அமையாவிட்டால் வலி ஏறிய பிறகு காத்திராமல் தொடக்கத்திலேயே பாராசிட்டமாலும், அடிவயிற்றில் வெந்நீர்ப் பையும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம், கருத்தடை மாத்திரை இரண்டையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். அவை ரத்தம் உறையும் பக்கத்தைத் தொடுபவை.

முட்டி, முதுகு வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் சேரும் அளவு, மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒரு முட்டியில் இரண்டு வேளை தடவுவதைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கேட்டுவிட்டுத் தடவுங்கள். முதுகு முழுக்க, தொடை முழுக்கப் பூசி மேலே துணி கட்டி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் உள்ளே இறங்குவது கூடும். மணக்கும் வலித் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும், அதையும் அளவோடு. அறுவை செய்யப்போகும் தோலில் கடைசி நாட்களில் எந்தத் தைலமும் வேண்டாம். தோல் எரிந்து சிவந்திருந்தால் கத்தி வைக்கத் தயங்குவார்கள்.

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிங்கோ, பூண்டு மாத்திரை, மஞ்சள் சாறு கேப்சூல் போன்றவற்றையும் இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். இவற்றில் சிலவற்றுக்கான ஆதாரம் மெலிதுதான். ஆனால் இரண்டு வாரம் இல்லாமல் இருந்தால் நட்டமும் இல்லை.

எழுதித் தந்த ஆஸ்பிரினில் கை வைக்காதீர்கள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் போடும் ஆஸ்பிரின், அதேபோல் தட்டணுக்களை அடக்கும் குளோபிடோக்ரெல் போன்றவற்றை, அழகு அறுவைத் தாளில் ‘ஆஸ்பிரின் நிறுத்தவும்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தாமாக நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், அது உயிர்போகும் விஷயம். எழுதித் தந்த இதய அல்லது நரம்பியல் மருத்துவரும் அறுவை நிபுணரும் பேசி முடிவெடுக்க வேண்டும். நிறுத்த முடியாது என்று எழுதித் தந்தவர் சொன்னால் அறுவையைத் தள்ளிப்போடுவது அல்லது கைவிடுவதுதான் பதில். சமரசம் செய்துகொள்ள வேண்டியது மூக்கு, இதயம் அல்ல. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் தட்டணுக்களைச் சற்றுத் தளர்த்துபவை. வலி மாத்திரையோடு சேர்ந்தால் கசிவு கூடும். அவற்றையும் சொல்ல வேண்டும், ஆனால் தாமாக நிறுத்தக்கூடாது.

அறுவை நிபுணரைச் சந்தித்து மாத்திரைகளைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: பல் பிடுங்கியபோது மறுநாள் வரை ரத்தம் நிற்காதது, மாதவிடாயில் கட்டிகட்டியாகப் போவது, அடிபடாமலே கன்றிப்போவது, குடும்பத்தில் யாருக்காவது இதெல்லாம் இருப்பது. பிறவியிலேயே உறையும் தன்மையில் சிறு குறை இருப்பவர்கள் அதை அறியாமலே காலம் தள்ளுவதுண்டு. ஒரு ஆஸ்பிரின் அதைப் பெரிதாக்கிவிடும்.

அறுவை நாள் காலை

“வலி வரும் முன்பே ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது” என்பது முழுக்கத் தவறான எண்ணமல்ல. அறுவைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுப்பதைப் பல மருத்துவமனைகள் செய்கின்றன. ஆனால் அது அவர்கள் கையால் நடக்க வேண்டும். நீங்கள் வீட்டில் ஆறு மணிக்கு 1000 போட்டுவிட்டுச் சொல்லாமல் போனால், எட்டு மணிக்கு உள்ளே நரம்பு வழியாக இன்னொரு 1000 ஏறும். இரண்டு மணி நேரத்தில் 2000.

பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்பு, தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அதற்குள் தலை இடித்தால், தினமும் காபி குடிப்பவராக இருந்தால், அது காபி இல்லாத தலைவலியாகவே இருக்கலாம். பால் சேர்க்காத கறுப்புக் காபி தெளிந்த திரவக் கணக்கில் வரும். அனுமதி கேட்டுக்கொண்டு, 2 மணி நேரக் கெடுவுக்கு முன் அரைக் கோப்பை குடித்தால் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

தவறிப்போய்ப் போட்டுவிட்டால்

மருத்துவமனையைக் கூப்பிடுங்கள், தெரிந்த நிமிடமே. சொல்ல வேண்டியது நான்கு: மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எந்த நாள் எத்தனை மணிக்கு. அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் தெளிவு. நான்கு நாள் முன்பு ஒரு ஐபுப்ரோஃபென் என்றால் பலர் தேதியை மாற்ற மாட்டார்கள். இரண்டு நாள் முன்பு ஆஸ்பிரின் என்றால் மாற்றுவார்கள். கண்ணிமை, முகம் என்றால் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

“ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்னு வந்துடுச்சே” என்று சமாதானம் செய்துகொள்ள இடமில்லை. வழக்கமாக எடுக்கும் பரிசோதனைகளில் தட்டணுக்களின் எண்ணிக்கையும் உறைதல் புரதங்களும்தான் தெரியும். ஆஸ்பிரின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. இரண்டரை லட்சம் தட்டணு அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. அதை ஈடுகட்ட வைட்டமின் கே மாத்திரை போடுவதும் வீண். அது உதவுவது ஈரல் தயாரிக்கும் உறைதல் புரதங்களுக்கு, தட்டணுவுக்கு அல்ல.

தேதி தள்ளினால் முன்பணம், விடுமுறை, துணைக்கு வருபவரின் ஏற்பாடு எல்லாம் கெடும் என்று மறைப்பவர்கள் உண்டு. மேசையில் கசிவு நிற்காமல் நேரம் நீளும்போது அறுவை நிபுணருக்குக் காரணம் புரிந்துவிடும். ஆனால் அப்போது புரிந்து பயனில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

தந்த மருந்தைத் தந்த அளவில். பழைய பையைப் பரணிலிருந்து இறக்க ஒரு வாரமா இரண்டு வாரமா என்று கேட்டுவிட்டே இறக்குங்கள். எழுதித் தந்த மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம் என்பதால் கதவில் ஒட்டிய தாள் இன்னும் சில நாள் அங்கேயே இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கினால், வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறினால், அது கூடுதல் மாத்திரை போடும் நேரமல்ல, மருத்துவமனையைக் கூப்பிடும் நேரம். இமை அறுவைக்குப் பின் கண் பிதுங்குவதுபோல் வலித்தாலோ பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திராதீர்கள், நிமிடங்கள் கணக்கு.

துணைக்கு இருப்பவரிடமும் இதையெல்லாம் ஒரு தடவை சொல்லி வையுங்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருக்கும்போது “வலிக்குது” என்று நீங்கள் முனகினால், பாசத்தோடு தன் கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரையை நீட்டப்போகிறவர் அவர்தான்.